நாற்பது சுற்று

ஏலம் தொடங்கும் முன்
உடைத்த ஐஸில் ஒரு பிடி
இன்று மீனுக்குப் போகவில்லை.
எவர்சில்வர் தூக்கில் கொட்டினேன்.
உறைந்துவிடக் கூடாதென்று துணி சுற்றி
நடுவில் நட்டேன்
ஊதா மூடி போட்ட குழாயை.
சுண்டுவிரல் உயரம்தான்.
உள்ளே சங்கராவின் ரத்தம்.

சங்கரா மீன்பெயர்தான்.
காசிமேட்டில் வலைக்குவியலுக்கடியில்
குட்டியாகக் கிடந்தபோது
அந்தச் சிவப்பு இருந்தது அதன்மேல்.
மார்கழியில் ஈறு வெளுத்தது
சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.
மூத்திரம் டிக்காஷன் நிறம்.
காது மடிப்பைத் திருப்பினால்
ஆமணக்குக் கொட்டையாய் உப்பிய உண்ணிகள்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் பிடுங்க மட்டும் செய்தேன்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தேய்த்து
ஒன்றும் இல்லை என்றார்கள் முதல் இடத்தில்.
டாக்டர் நப்பின்னை உதட்டைப் பிதுக்கினார்.
உண்ணி கடித்த கையோடு போய்விடும்,
அது இறக்கிவிட்ட குடித்தனக்காரன்
சிவப்பணுவுக்குள் கதவைச் சாத்திக்கொள்வான்,
தட்டினால் எப்போதும் திறப்பானா என்றார்.
பிசிஆர் என்று எழுதினார்.
விலையையும் அவரே எழுதினார், சின்ன எழுத்தில்.

மூலக்கடை நெரிசலில் ஷேர் ஆட்டோ
கன்டெய்னர் லாரியின் வாலைப் பிடித்து ஊர்ந்தது.
"தூக்குல இன்னாமே, எறாவா?"
"நாய் ரத்தம்."
மாதவரம் வரை
எனக்கு இடம் தாராளம்.

ஆய்வகத்தில் ஹாஜிரா
மெஷினைக் காட்டிச் சொன்னாள்:
ஒன்றை இரண்டாக்கும்,
இரண்டை நாலாக்கும்,
நாற்பது சுற்று வரை.
பூச்சியை இல்லை அக்கா,
பூச்சியின் எழுத்தில் ஒரு துண்டை மட்டும்.
நிறைய இருந்தால் கோடு சீக்கிரம் ஏறும்.
கொஞ்சமிருந்தால் தாமதமாய்.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
தண்டல்கார ஏகாம்பரமாக இருந்தால்
சட்டெனப் பிடித்துக்கொண்டிருப்பார்.
வாங்கியது கையளவு,
அவர் நோட்டில் அதுவும்
இரவில் தனியாக இரட்டித்துக்கொள்கிறது.

முதல் சோதனையில்
இருபத்திரண்டிலேயே கோடு எழும்பியது.

பத்து நாள் மருந்து.
மஞ்சள் பெயின்ட் போல ஒன்று,
எட்டு மணிக்கொரு தடவை,
கொழுப்போடு தரவேண்டுமாம்.
கவலை மீனை வேகவைத்துப் பிசைந்து
அதற்குள் ஒளித்தேன்.
மீனைத் தின்று மருந்தைத் துப்பும்.
துப்பியதை எடுத்து மறுபடி.
என் நைட்டியெல்லாம் மஞ்சள்;
குழம்பு கொட்டிச்சா என்று கேட்டவர்களிடம்
ஆமாம் என்றேன்.

ஈறு சிவந்தது.
பூனையைத் துரத்தியது.
ஃபைபர் படகுகளுக்கிடையே
புகுந்து புறப்பட்டது.
எனக்கு அதுவே ரிப்போர்ட்.
அறுபதாம் நாள் டாக்டர் மறுபடி குத்தினார்.

முப்பத்தாறு.

ஓடுகிற நாயின் உள்ளே
மூலையில் யாரோ
விளக்கணைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடி மருந்து, மறுபடி தண்டல்.
வீட்டுச் சுவர் வெடிப்புகளில்
சிமென்ட் பூசினேன்.
சாக்கை எரித்தேன்.
தினமும் ராத்திரி
காதிலிருந்து கால்விரல் இடுக்குவரை
விரலால் படித்தேன் அதை;
தட்டுப்பட்டது ஒரு நாள் மணல்,
ஒரு நாள் மீன்செதில்.

இன்னுமோர் அறுபது நாள்.
தூக்கு, ஐஸ், மூலக்கடை.
நாற்பது சுற்றும் கோடு
தரையோடு தரையாகப் படுத்திருந்தது.
"இல்லையா?" என்றேன்.
"தென்படவில்லை" என்றாள் ஹாஜிரா.
"இல்லைன்னு சொல்லேன் ஹாஜிரா."
"இந்த மெஷினுக்கு அந்த வார்த்தை தெரியாதுக்கா.
அடுத்த மாசம் இன்னொரு தடவை பார்ப்போம்.
ரெண்டு தடவையும் படுத்திருந்தா
டாக்டரே சிரிப்பாங்க."

சனிக்கிழமை ஏகாம்பரம் வந்தார்.
அவர் செருப்பு சந்தில் திரும்புமுன்பே
சங்கரா குரைத்தது,
நெஞ்சிலிருந்து,
நாலு மாதமாய் நான் கேட்காத குரைப்பு.
அவர் பின்னால் நகர்ந்து
நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.
"கிளாடிஸ், பணம் கீதா இல்லியா?"

"நாப்பது தடவை தேடிட்டேன்ணே," என்றேன்,
"தென்படலை."

ஒரு கணம் என்னையே பார்த்தார்.
நாயைப் பார்த்தார்.
அடுத்த மாசம் மறுபடி பார்க்கிறேன் என்று
பேனாவை மூடினார்,

ஹாஜிரா சொன்ன அதே குரலில்.